ஈப்போவில் விசாரித்த மதராஸ் குண்டு

ஈப்போ ஸ்டேஷனில் இறங்கியதும் என் தங்கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மதராஸில் நான் கப்பலேற்றி அனுப்பியபோது மரகதம் வெள்ளைப் புடவையும் ஒரு தகரப் பெட்டியுமாகப் போனவள். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்துக் கையசைத்தவளோ கிளிப்பச்சைச் சேலை கட்டி, கொண்டையில் பூ வைத்து, ஒரு பெரிய முள்ளுப் பழத்தைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு நின்றாள். "என்னண்ணே அப்பிடிப் பாக்குற, நான்தான்" என்று அவள் சொன்ன பிறகே எனக்கு வாய் வந்தது.

நான் எதற்கு வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் யுத்தம் தொடங்கிய வருஷம் எம்டன் என்ற போர்க்கப்பல் இருட்டில் மதராஸுக்கு வந்து, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். இன்று நம் ஊரில் கெட்டிக்காரப் பயலைச் சரியான எம்டன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அன்று குறி தவறிய குண்டு ஒன்று துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலில் விழுந்தது. அதில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன் மரகதத்தின் புருஷன் சாமிநாதன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை.

பிறகு அவள் மருத்துவச்சிப் படிப்புப் படித்து, மலாயாவில் ஈப்போ இருக்கும் பேரா சமஸ்தானத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே டிரெஸராக இருக்கும், அதாவது டாக்டர் வராத நாளெல்லாம் டாக்டராக இருக்கும், ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக இப்போது சொல்லியனுப்பியிருந்தாள். அம்மா அழுதாள். பெரியப்பா குதித்தார். கடைசியில், போய் அவளைக் கையோடு அழைத்து வா என்று என்னை அனுப்பினார்கள். நான் ஓர் அச்சுக்கூடத்தில் புரூப் பார்ப்பவன். பிழை திருத்துவது என் தொழில்தானே என்று நினைத்தார்களோ என்னவோ.

குற்றவாளியும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பெயர் அருளம்பலம். ஒல்லியான, நெட்டையான மனிதர், மூக்குக் கண்ணாடி. அவரை முறைத்துப் பார்ப்பதற்காக வழியெல்லாம் நான் ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ கூலியாளைக்கூடக் கூப்பிடாமல் என் பெட்டியைத் தாமே தோளில் ஏற்றிக்கொண்டு, "களைச்சுப்போய் வந்திருக்கிறியள், முதல்ல கோப்பி குடிப்பம்" என்று முன்னே நடந்துவிட்டார். பெட்டி சுமப்பவரின் முதுகை எவ்வளவு நேரம் முறைப்பது?

கோப்பிக் கடைக்காரர் ஒரு சீனர். மார்பிள் மேசை, மரநாற்காலி, அடுப்பில் கரி. மதராஸ் ஓட்டல் என்றால் டவராவும் சத்தமும். இங்கே சத்தம் மட்டும் இருந்தது, டவரா இல்லை. கெட்டியான பீங்கான் கோப்பையில் கறுப்பாக ஒன்றைக் கொண்டு வைத்தார். வெண்ணெய் போட்டு வறுத்த கொட்டையாம். குடித்தேன், இன்னொன்று கேட்டேன். சீனர் என்னைப் பார்த்து, "அண்ணே புதுசா?" என்று தமிழில் விசாரித்தார். எங்கள் தெருவில் முப்பது வருஷமாக இருக்கும் தெலுங்கருக்கு அவ்வளவு சுத்தமாகத் தமிழ் வராது.

தோட்டத்துக்கு வாடகை மோட்டாரில் போனோம். துரியான் என்ற அந்த முள்ளுப் பழம் என் காலடியில் உட்கார்ந்து வந்தது. அதன் வாசனையைப் பற்றி நான் எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி, ஏற மாட்டேன் என்றது. அங்கேதான் சித்தம் கலங்கியவர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தலைப்பாகை அவிழ, கோட்டுப் பையெல்லாம் சேறாக, நான் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வந்து நின்று, என்னை மேலும் கீழும் பார்த்து, மெதுவாக ஏதோ கேட்டார். மரகதம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து எப்போது வெளியே வந்தீர்கள் என்று கேட்கிறாராம். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சேறு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். விடியும் முன்பே பேர் கூப்பிட்டு ஆட்களை அனுப்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் மரத்தைச் சீவிப் பால் எடுத்தாக வேண்டும். வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள். அங்கே நான் எந்த வாசலைத் தாண்டினாலும் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இது அக்கா கையில் பிறந்தது என்றாள். கொஞ்சம் தள்ளி, அதுவும் அக்கா கையில். எனக்கு மரவள்ளிக் கிழங்கு வந்தது, தேங்காய்ப்பாலில் வெந்த சோறு வந்தது, ரம்புத்தான் பழம் கூடைகூடையாக வந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது எப்படியோ தெரிந்திருந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி நேராகவே சொன்னாள்: "அண்ணே, நீங்க நல்லா சாப்புடுங்க, எத்தன நாள் வேணாலும் இருங்க. ஆனா அக்காவக் கூட்டிட்டுப் போகக் கூடாது லா." பேச்சுக்கு வால் மாதிரி ஒரு லா சேர்ப்பது அந்த ஊர்ப் பழக்கம்.

மூன்றாம் நாள் அருளம்பலத்தின் வீட்டில் சாப்பாடு. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். சமைத்தவரும் அவரே. ஒருவனை வெறுக்க வேண்டுமென்றால் அவன் வைத்த சொதியைச் சாப்பிடக் கூடாது. நான் நான்காவது இடியப்பத்தைப் போட்டுக்கொண்டபோது வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது.

வந்தவர் காதர் மரைக்காயர். நாகூர்க்காரர், ஈப்போவில் பெரிய துணிக்கடை. அங்கே தமிழர்கள் கூடி நடத்தும் படிப்புச் சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. மதராஸிலிருந்து ஒரு பத்திராதிபர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை தர்க்கத்துக்குத் தலைமை வகிக்க அழைக்க வந்தாராம். நான் வெறும் புரூப் பார்ப்பவன் என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

யுத்தத்தில் இறந்த சிப்பாய்களுக்கு நினைவுக்கல் நாட்டும் பேச்சு அப்போது ஊரில் நடந்துகொண்டிருந்தது. அதையொட்டிச் சங்கத்தில் பெரிய வாக்குவாதமாகி, ஒரு தலைப்பு பிறந்திருந்தது. யுத்த காலத்தில் ஆயுதம் ஏந்தாத ஜனங்களைக் கொன்றால் அது யுத்தமா, பயங்கரச் செயலா என்பது தலைப்பு. பொதுவாகப் பேசினால் முடிவே இருக்காது என்று, எல்லோருக்கும் தெரிந்த எம்டன் சங்கதியையே எடுத்துக்கொண்டார்கள். பேசுகிறவர்கள் மரைக்காயரும் அருளம்பலமும். யார் எந்தப் பக்கம் என்பது சீட்டில். மரைக்காயர் தீக்குச்சி இரண்டை நீட்டினார். அருளம்பலத்துக்கு நீளக் குச்சி வந்தது. எம்டன் செய்தது யுத்தம்தான், பயங்கரமல்ல என்று அவர் வாதாட வேண்டும்.

மரைக்காயருக்குச் சாமிநாதனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போய்விட்டார். அருளம்பலம் கையிலிருந்த தீக்குச்சியை மேசையில் வைத்தார்.

"மரகதம், நீர் கேட்டுக்கொண்டிருக்க அந்தப் பக்கம் நிண்டு கதைக்க என்னாலை ஏலாது. நான் விலகிறன்" என்றார்.

அவள் பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "விலகக் கூடாது. வேணும்னு மோசமாப் பேசித் தோக்கவும் கூடாது. அப்பிடிச் செஞ்சா, எம்மேல இரக்கப்பட்டுத்தான் கட்டிக்கிறீங்கன்னு நினைப்பேன். இரக்கப்படுறதுக்கு எங்க ஊர்லயே நெறைய ஆள் இருக்கு."

கடைசி வாக்கியம் எனக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்தது. நான் சொதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ரயில்வே குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், தோட்டங்களிலிருந்து லாரியில் வந்தவர்கள், ஒரு பக்கத்து பெஞ்சுகளில் பெண்கள். வாசலருகே சாதா உடுப்பில் ஒருவர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் போலீஸ் ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அருளம்பலம் நன்றாகவே பேசினார். எண்ணெய் இல்லாமல் கப்பல் ஓடாது, ஆகவே எண்ணெய்த் தொட்டி துப்பாக்கிக்குச் சமம் என்றார். பிடித்த சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் அதில் இருந்தவர்களை இறக்கிவிட்ட கப்பல் அது என்றார். கொல்வதற்காகச் சுடுவது வேறு, சுட்டதில் சாவது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால், நாளைக்கு வேண்டுமென்றே ஊரைக் கொளுத்துகிறவனைச் சொல்ல நமக்கு வார்த்தை மிஞ்சாது என்றார். கூட்டம் தலையாட்டியது. அவர் பெண்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சட்டை முதுகு நனைந்திருந்தது.

மரைக்காயர் எழுந்ததுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. எம்டன் பினாங்குக்கு வந்து போர்க்கப்பல்களை அடித்த காலையில் அவர் அங்கேதான் இருந்தாராம். கடற்கரைக்கு ஓடி வேடிக்கை பார்த்தாராம். என்ன துணிச்சல் என்று மனசுக்குள் கைதட்டினாராம். போலீஸ்காரரைப் பார்த்து, மனசுக்குள்தான் என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு குரல் மாறியது.

"ஆனா மெட்ராஸ்ல என்ன நடந்துச்சு? மறுநாள் ஊரே காலியாச்சு. அம்மிக்கல்லத் தூக்கிக்கிட்டு ரயிலுக்கு ஓடுனாங்க. எண்ணெய் எரிஞ்சது ஒரு ராத்திரி. பயம் எரிஞ்சது எத்தன மாசம்? அந்தப் பயம் வேணும்னுதான் அவன் வந்தான். பினாங்குல அவன் வீரன். மெட்ராஸ்ல அவன் வேற. ஒரே ஆள் ரெண்டு ஊர்ல ரெண்டு ஆளா இருக்க முடியும், தம்பி."

அம்மிக்கல் உண்மை. எங்கள் எதிர்வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன்.

அப்போது தோட்டத்து ஆட்கள் பக்கமிருந்து ஒருவர் எழுந்தார். ஒரு கேள்வி கேட்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். "பஞ்சாப்ல பொட்டல்ல கூடி நின்ன சனங்கள வளைச்சு வச்சுச் சுட்டாங்களே, தலைவரே. அது எந்தப் பக்கம்?"

நிலக்கடலை உரிக்கும் சத்தம் நின்றது. மரைக்காயர் என்னைப் பார்த்தார். தலைப்புக்கு அப்பாற்பட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். வம்பில்லாமல் ஊர் திரும்பக் கப்பல் சீட்டும் கையில் இருந்தது. ஆனால் தலைப்பு எனக்கு மனப்பாடம். அதில் சுடுகிறவன் எந்த தேசத்தான் என்று எழுதியிருக்கவில்லை. எழுதாததைப் படிக்க எனக்குத் தொழிலில் அனுமதி இல்லை. கேள்வி தலைப்புக்குள்தான் வருகிறது என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் மெலிதாகக் கேட்டது.

அருளம்பலம் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். "நான் யுத்தத்தின்ரை பக்கம் கதைக்க வந்தனான். அங்கை யுத்தமே நடக்கேல்லை. அதுக்கு என்ரை பக்கத்திலை இடமில்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். மரைக்காயர், இந்த ஒரு விஷயத்தில் எதிராளியும் தானும் ஒரே கட்சி என்றார். மண்டபம் கைதட்டியது அடங்க நேரமாயிற்று. போலீஸ்காரர் மறுபடி கடலைக்குத் திரும்பினார். கைதட்டலை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

தீர்ப்புச் சொல்ல நான் எழுந்தபோது பெண்கள் பெஞ்சிலிருந்து மரகதம் எழுந்தாள். தான் கொஞ்சம் பேச வேண்டும் என்றாள். பேசச் சொன்னேன்.

"எம்டன் சுட்டதுல செத்தவங்கள்ல ஒருத்தர் என் வீட்டுக்காரர். பேரு சாமிநாதன்" என்று ஆரம்பித்தாள்.

மரைக்காயர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவள் அவரைப் பார்த்து, உட்காருங்கள், நீங்கள் இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினீர்கள் என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"சுட்டவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு ரெண்டு பேரும் பேசுனாங்க. எனக்கு அது தெரியாது. அது யுத்தம்னா, அவரும் யுத்தத்துல செத்தவருதான். சிப்பாய்ங்க பேரு வெட்டுற கல்லுல அவரு பேரையும் வெட்டுங்க. அது பயங்கரம்னா, அது கொலை. கொலைன்னா யாராச்சும் வந்து எங்கள விசாரிச்சிருக்கணும், கேஸ் நடந்திருக்கணும். ரெண்டும் நடக்கல. எந்தப் பேரு வேணும்னாலும் வைங்க. வச்ச பேருக்கு உண்டானதச் செய்யுங்க."

கொஞ்சம் நின்றாள். "அவரு பேரச் சொன்னா அபசகுனம்னு எங்க வீட்ல யாரும் சொல்றதில்ல. நாலு பேரு முன்னாடி சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவரும் கழற்றினார்.

இந்தப் பெண் என் தங்கை, ஆகவே தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றேன். அதனால்தான் நீங்கள் சொல்ல வேண்டும் என்று கூட்டத்தில் குரல் வந்தது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். குண்டு எண்ணெய்க்கு வைத்ததாக இருக்கலாம், ஆனால் ஊர் பயந்து ஓட வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது, ஆகவே வாதத்தில் மரைக்காயர் வென்றார். ஆனால் என் தங்கை கேட்டதற்கு எந்தப் பக்கமும் பதில் சொல்லவில்லை, அதை எல்லோரும் வீட்டுக்குக் கொண்டு போங்கள். கூட்டம் கலைந்தது.

தோற்ற அருளம்பலம் தேர்வு முடிந்த மாணவனைப் போல நடந்து வந்தார். மரகதம் அவரிடம் முதலில் சொன்னது, "அந்த எண்ணெய் விஷயத்தப் பாதியில விட்டுட்டீங்க. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா செயிச்சிருப்பீங்க லா" என்பதுதான். அவர் அப்படியா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். மரைக்காயர் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்றாள். தெரியவில்லை, ஆனாலும் கேட்க வேண்டும்போல் இருக்கிறது என்றார். எங்களைத் தம் மோட்டாரிலேயே தோட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் கல்யாணம் எப்போது என்று கேட்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை வைத்தால் நானும் இருப்பேன் என்றேன்.

மறுநாள் பெரியப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். அவரிடமிருந்து பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவின் பெயரில் ஒரு தந்தி வந்தது. ஆசி என்று ஒரே வார்த்தை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. யாரைப் பிடித்து, யாருக்குத் தெரியாமல் கொடுத்தாளோ. மரகதம் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்கப் போய்விட்டாள். அன்று லயத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை காலை கல்யாணம். மரைக்காயர் கடையிலிருந்து அரக்குப் பட்டு வந்தது. கோப்பிக் கடைச் சீனர் ஒரு டின் பிஸ்கட்டோடு வந்தார். தோட்டத்துத் துரை அரை நாள் லீவு விட்டார். மேளக்காரர்களை ஏற்றிவந்த லாரி வழியில் நின்றுபோக, அவர்கள் வாசித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே சத்தம் மட்டும் முதலில் வந்தது. தாலி கட்டியபோது அருளம்பலத்தின் கண்ணாடி நழுவியது. மரகதம் அதைப் பிடித்து அவர் மூக்கில் திரும்ப மாட்டிவிட்டாள். குலவைச் சத்தத்தில் பூசை செய்த பண்டாரத்தின் மந்திரம் கேட்கவில்லை.

பந்தியில் சோறு போடும்போதுதான் கவனித்தேன். ஆண்கள் வரிசையில் ஞாயிற்றுக்கிழமைத் தர்க்கம் தொடர்ந்துகொண்டிருந்தது. சாமிநாதன் பெயரைக் கல்லில் வெட்டியே ஆக வேண்டும், அவர் சிப்பாய்க்கு எந்த விதத்தில் குறைச்சல் என்றார் ஒருவர். அதெப்படி, சாமிநாதன் கேஸ் கொலைக் கேஸ், கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் எதிர் இலைக்காரர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. பெண்கள் வரிசையிலும் அதே பேச்சு. கைக்குழந்தைக்காரி, சாமிநாதன் அண்ணனுக்குப் பாயசம் பிடிக்குமா என்று மரகதத்திடம் கேட்டாள்.

கல்யாணப் பெண் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று யோசித்தாள். "ரொம்பப் புடிக்கும். முந்திரிய மட்டும் பொறுக்கி ஓரமா வச்சிருவாரு" என்றாள்.

பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த அருளம்பலம், "ஏன், முந்திரி ஒத்துக்கொள்ளாதோ?" என்று டிரெஸரைப் போல விசாரித்தார்.

"இல்ல, கடைசியில ஒண்ணா சாப்புட" என்றாள் மரகதம். வரிசை முழுவதும் சிரித்தது.